கீரை வாரம்

வாஷ்பேசினில் ரத்தம் இருந்தது.

நான் துண்டு எடுக்க உள்ளே நுழைந்ததும் அப்பா குழாயை வேகமாகத் திறந்துவிட்டார். சிவப்பு நீளமாகக் கரைந்து ஓட்டைக்குள் போய்க்கொண்டிருந்தது. பிரஷ் புதுசாம், ஈறில் குத்துகிறதாம். அந்த பிரஷை வாங்கி வந்ததே நான்தான். கடையில் இருந்ததிலேயே மென்மையானது, குழந்தைகளுக்கானது. கைப்பிடியில் முயல் படம் இருக்கும்.

முயல் குத்தாது.

டப்பா விஷயம் வெளியே வந்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. முந்தின மாலை அப்பாவின் கண்ணாடிக் கடையில், விற்காமல் கிடக்கும் பெரிய நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் அதைக் கண்டுபிடித்தேன். உள்ளே பழுப்பு நிறப் பொடி, அளந்து போட ஒரு கரண்டி, பக்கத்தில் ஒரு தேன் பாட்டில். என்ன இது என்று கேட்டதற்குக் கண்ணாடி துடைக்கிற பவுடர் என்றார். கண்ணாடி துடைக்கிற பவுடருக்குத் தேன் பாட்டில் எதற்கு என்று கேட்டேன். "காலைல பேசிக்கலாம் வக்கீலம்மா" என்று விளக்கை அணைத்துவிட்டார். வக்கீலம்மா என்பது நான். கேள்வி கேட்கிற பிள்ளைக்கு எங்கள் வீட்டில் வைக்கிற பெயர்.

இதோ காலையும் வந்துவிட்டது. துண்டோடு நான் திரும்பிப் பார்ப்பதற்குள், பெரிய கண்ணாடி ஒன்றை வெட்ட வேண்டும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆள் வாசலைத் தாண்டும்வரை அவர் நெஞ்சிலிருந்து வரும் அந்தச் சத்தம் கேட்டது.

அப்பாவின் இதயத்தில் பழுதான வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். அது டிக் டிக் என்று அடிக்கும். பேச்சு நின்றுபோன அறையில் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். பொய் சொல்லும்போது வேகமாக அடிக்கிறது என்று நான் சொல்வேன். வீட்டில் கடிகாரச் செலவு மிச்சம் என்று அவர் சொல்வார்.

உலோகத்தின் மேல் ரத்தம் கட்டிக்கொள்ளும். கட்டாமல் இருக்க, ரத்தத்தை இளக்கும் மாத்திரையை ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். அளவு குறைந்தால் கட்டி கிளம்பி மூளைக்குப் போகும். கூடினால், சின்னதாக எங்கேயாவது இடித்துக்கொண்டால்கூட உள்ளுக்குள்ளேயே, தலைக்குள்கூட, ஒழுக ஆரம்பிக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து. அந்தச் சந்தில்தான் என் அப்பா நடந்துகொண்டிருக்கிறார். மாதம் ஒரு முறை ரத்தம் எடுத்து, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை ஓர் எண்ணாகப் பார்த்து, டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார் அல்லது குறைப்பார்.

அந்த எண்ணைச் சொல்லும் இயந்திரம் என் கையில் இருக்கிறது. அப்பா காட்டுகிற அதே ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். உறவில் யாருக்குத் தும்மல் வந்தாலும் எனக்குத்தான் போன் வரும். என் சொந்த வீட்டில் மட்டும் எனக்கு எதுவும் தெரிந்துவிடக் கூடாது.

அப்பாவின் எண் ஒவ்வொரு மாதமும் குறைவாகவே வந்தது. ஒவ்வொரு மாதமும் டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். அதுதான் எனக்குப் புரியாமல் இருந்தது. இவ்வளவு மாத்திரை சாப்பிடுகிற மனிதருக்கு எண் ஏன் ஏறவே மாட்டேன் என்கிறது?

அம்மா சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கடையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த டப்பாவை அவள் முன்னால் வைத்தேன்.

அம்மா அதைப் பார்க்கவில்லை. முட்டிவலிக்காம். நாள் முழுக்க வெட்டு மேஜையில் நின்றால் முட்டி என்ன இரும்பா? வலி மாத்திரை எதையும் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாரே, அப்படியானால் வலிக்கு என்ன செய்வது என்று அவர் சொன்னாரா? சொல்லவில்லை. அதனால் நாட்டு வைத்தியரிடம் போனார்களாம். பொடி நன்றாகக் கேட்கிறதாம். படி ஏறுகிறாராம்.

"டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?"

"எதுக்கு? திட்டு வாங்கவா?"

"வைத்தியர்கிட்டயாவது மாத்திரைய சொன்னியா?"

அம்மா வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அவரு கேட்டாரு. ஆஸ்பத்திரி மருந்து ஏதாவது ஓடுதான்னு. ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். இருக்குன்னா பொடி தரமாட்டாருன்னு வெளியில உக்காந்திருந்தவங்க சொன்னாங்க."

ஆக, கேட்டவரிடம் பொய். கேட்காதவரிடம் மௌனம். நடுவில் அப்பாவின் ரத்தம்.

நான் குரலை உயர்த்தினேன். இந்த மாதிரிப் பொடிகளில் சிலது ரத்தத்தை இன்னும் இளக்கும், மாத்திரையோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்தாயா என்று கேட்டேன். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. படிக்காதவள் என்று சொல்லிவிட்டதாக எடுத்துக்கொண்டாள்.

"நாங்க என்ன விவரம் இல்லாதவங்களா? டெஸ்ட் வர்ற வாரம் பொடிய நிறுத்திடுவோம். ரத்தத்துல தெரிஞ்சிடக் கூடாதுல்ல. அதோட அந்த வாரம் முழுக்கத் தினம் கீரை போடுவேன். ரத்தம் நல்லா இருக்கணும்னுதான். டெஸ்ட் முடிஞ்சதும் பழையபடி பொடி. ஒரு தடவகூட மாட்டல."

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

நான் உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் மாதத்தில் ஒரு வாரம் கீரை வாரம். மூன்று வேளையும் தட்டு பச்சையாக இருக்கும். அடுத்து எனக்குக் கொம்பு முளைக்கும் என்று அப்பா அலுத்துக்கொள்வார். கீரை மலிந்த நேரம் போல என்று நான் சாப்பிட்டுவிட்டு வேலைக்கு ஓடிவிடுவேன். இப்போதுதான் கணக்கு கூடி வந்தது. கீரை அந்த மாத்திரையின் வேலையை மட்டுப்படுத்தும். பொடியும் இல்லை, தட்டு நிறையக் கீரை. எண் குறையாமல் என்ன செய்யும்? குறைந்த எண்ணைப் பார்த்து டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். வீட்டுக்கு வந்ததும் கீரை நிற்கும், பொடி திரும்பும், மாத்திரை கூடியிருக்கும்.

விருந்தாளி வருவதற்கு முன் வீட்டைப் பெருக்கி, கிழிந்ததை எல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளுவோமே, அதைப் போல இவர்கள் ரத்தத்தைப் பெருக்கி வைத்திருக்கிறார்கள். டாக்டர் பார்த்ததெல்லாம் பெருக்கின வீடு.

போன டெஸ்டிலும் மாத்திரை கூடியது. அது நடந்து வாரங்கள் ஆகின்றன.

"அம்மா, அப்பாவுக்கு உடம்புல எங்கயாவது நீலமா இருக்கா?"

அம்மா யோசித்தாள். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்கு இருக்கிறதாம். மேஜை முனையில் இடித்துக்கொண்டாராம். சொல்லிக்கொண்டே வந்தவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். பிறகு மெதுவாக, தொடையிலும் இருக்கிறது என்றாள்.

அடுப்பை அணைக்கச் சொன்னேன்.

*

கடையில் அப்பா வெட்டு மேஜைமேல் குனிந்திருந்தார். இரண்டு ஆள் உயரக் கண்ணாடி படுத்திருந்தது. மற்ற கடைகளில் அளவுகோலை வைத்து அழுத்திப் பிடித்து வெட்டுவார்கள். அப்பாவுக்கு அளவுகோல் வெறும் சம்பிரதாயம். இரண்டு முனையிலும் புள்ளி வைத்துவிட்டு, வைர முனைக் கத்தியை ஒரே இழுப்பாக இழுப்பார். கோடு அந்தப் புள்ளியில் போய்த்தான் நிற்கும். நான் பிறந்ததிலிருந்து அது மாறி நிற்பதைப் பார்த்ததில்லை. வீட்டில்கூட டம்ளரை மேஜை ஓரத்தில் அரை விரல் இடம் விட்டு வைப்பார், பார்க்கிற நாம் பிடிக்கக் கையை நீட்டிவிடுவோம், டம்ளர் விழாது.

இன்று கத்தியைக் கையில் வைத்தபடி வெறுமனே நின்றிருந்தார். இடது கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது. குப்பைக் கூடையில் அதே மாதிரித் துணிகள், எல்லாம் ஊறிப்போய்.

எப்போது வெட்டியது என்று கேட்டேன். வந்தவுடனேயாம். சின்னக் கீறல்தானாம்.

சின்னக் கீறலுக்கு இத்தனை துணியா என்று அம்மா கேட்டாள். அம்மா கடைக்கு வருவதே அபூர்வம். அவளைப் பார்த்ததும் அப்பாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. காட்டிக்கொடுத்துவிட்டாயா என்கிற மாதிரி ஒரு பார்வை. அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும் என்றேன். டெஸ்டுக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்றார். நாள் இருப்பதால்தான் இன்று என்றேன். அவருக்குப் புரியவில்லை. கீரை சாப்பிடாமல் எப்படி வருவது என்று ஆரம்பித்து, பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டார். வேறு நாளாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

"டாக்டர்கிட்ட போகமாட்டேன். அந்த மனுஷன் எல்லாருக்கும் முன்னாடி நிக்க வெச்சு கேப்பாரு."

"என் லேபுக்கு வாங்கப்பா. அதுவரைக்கும் போதும்."

வண்டியில் அவர் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். வெளிச்சம் கூசுகிறது என்றார். தலை வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அந்தச் சத்தம் வண்டி இரைச்சலில் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேகம் தெரிந்திருக்கும்.

*

டாக்டர் எழுதித் தராமல் யாருக்கும் பரிசோதனை செய்யக்கூடாது. செய்தேன். வேலை போனால் போகட்டும் என்று பெரிய வீரம் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில் அது நினைவிலேயே வரவில்லை.

ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே நின்றேன். எடுத்தால் ஊறியது. மறுபடி வைத்தேன். கடைசியில் அம்மாவின் விரலை அதன்மேல் வைத்து, சொல்லும்வரை எடுக்காதே என்றேன். அம்மா பஞ்சை அழுத்தவில்லை, அப்பாவின் கையையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

இயந்திரம் வேலையைத் தொடங்கியது. ரத்தத்தின் நீரில் மருந்து கலந்து, எப்போது உறைகிறது என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். உறைந்ததும் எண் வரும். தினமும் நூறு பேருக்குப் போடுகிறேன், ஒரு தேநீர் ஆறுவதற்குள் வந்துவிடும்.

எண் வரவில்லை.

பக்கத்தில் வைத்த வேறு ஆட்களின் எண்கள் வந்தன. அப்பாவின் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. பிறகு அதில் எண்ணுக்குப் பதிலாகச் சிவப்பில் ஒரு வரி வந்தது. அளவுக்கு அப்பால். தவறாக இருக்கும் என்று மறுபடி போட்டேன். அதே சிவப்பு வரி.

தனியாக எடுத்துவைத்திருந்த இன்னொரு குழாயைக் கையில் எடுத்துச் சாய்த்தேன். அதில் எதுவும் கலக்கவில்லை, இந்நேரம் கெட்டிப்பட்டிருக்க வேண்டும். அப்பாவின் ரத்தம் தண்ணீர் மாதிரி இந்தப் பக்கம் ஓடியது. நிமிர்த்தினேன். அந்தப் பக்கம் ஓடியது.

*

இந்த டாக்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கெட்டிக்காரர். அப்பாவுக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவர். அவர் அறைக் கதவு எப்போதும் பாதி திறந்தே இருக்கும். அடுத்த நோயாளி எழுந்து தயாராக நிற்க வேண்டும் என்பதற்காக. உள்ளே பேசுவது வெளியே கூடம் முழுக்கக் கேட்கும்.

அறுவைசிகிச்சை முடிந்து அப்பா முதல்முறை காட்டப் போன அன்று, அவருக்கு முன்னால் ஒரு தையல்காரம்மா உள்ளே போனார். கால் வீக்கத்துக்குக் கஷாயம் குடிப்பதாகத் தானாகவே சொன்னார். டாக்டரின் பதில் வெளியே இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது.

"அப்ப அதையே குடிங்க. இங்க எதுக்கு வந்து என் நேரத்த வீணாக்கறீங்க?"

அந்த அம்மா பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார். கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் அன்று ஒரே பாடத்தைப் படித்தார்கள். பள்ளிக்கூடம் போகாத என் அப்பாகூடப் படித்துவிட்டார். இங்கே வாயைத் திறக்கக் கூடாது.

அப்பாவையும் அம்மாவையும் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு, வரிசையைத் தாண்டி உள்ளே போனேன். சிவப்பு வரியைக் காட்டினேன். டாக்டர் யாருடையது என்று கேட்டார். சொன்னேன். அவர் நிமிர்ந்தார்.

டப்பாவை மேஜைமேல் வைத்துப் பொடியைச் சொன்னேன். கீரை வாரத்தைச் சொன்னேன். ஒவ்வொரு மாதமும் அவர் கூட்டிய மாத்திரையைச் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. படித்துப் படித்துச் சொன்னாலும் இந்த ஜனங்கள் திருந்தமாட்டார்கள் என்றார். இத்தனை மாதமாக என்னிடம் மறைத்திருக்கிறார்களே என்றார்.

"நீங்க கேக்கல சார்."

"கேக்கலன்னா மறைக்கறதா? மாத்திரை சாப்பிடறவங்க தானா சொல்ல வேண்டாமா?"

"தானா சொன்ன ஒருத்தங்கள நீங்க என்ன சொன்னீங்கன்னு வெளிய எல்லாருக்கும் கேட்டுச்சு சார். அடுத்த ஆளா எங்கப்பா நின்னாரு."

அவர் என்னைப் பார்த்தார். அந்தத் தையல்காரம்மாவை அவருக்கு நினைவே இல்லை என்பது தெரிந்தது. ஒரு நாளைக்கு எத்தனை பேரோ. ஆனால் ஏதோ ஒன்று உறைத்திருக்க வேண்டும். கையிலிருந்த பேனாவை மூடினார்.

"பொடில என்ன இருக்கு?"

தெரியாது என்றேன். வைத்தியரிடம் ஆள் அனுப்பிக் கேட்கலாம் என்றேன். கேளுங்கள், இப்போதே கேளுங்கள் என்றார். முறிவு மருந்து உண்டாம். ஆனால் அதை வேகமாக ஏற்றினால் ரத்தம் உறைந்து வால்வையே அடைத்துவிடும். மெதுவாக ஏற்றினால் அதற்குள் எங்காவது ஒழுகத் தொடங்கலாம். எங்கே, எவ்வளவு என்று தெரிந்தால்தான் முடிவெடுக்க முடியும். அதோடு, அப்பா வேறு என்னவெல்லாம் சாப்பிடுகிறார் என்று ஒன்று விடாமல் தெரிய வேண்டும்.

"அவர வரச் சொல்லும்மா. நானே கேக்கறேன்."

அப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா பின்னால் நின்றாள். வெளியே கூடத்தில் இருமல் சத்தம், குழந்தை அழுகை, நாற்காலி இழுபடும் ஓசை.

டாக்டர் முன்னால் குனிந்தார். அந்தக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. நாங்கள் தரும் மாத்திரையைத் தவிர வேறு என்ன சாப்பிடுகிறீர்கள், பொடி, எண்ணெய், கஷாயம், எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள், நான் ஒன்றும் சொல்லமாட்டேன் என்றார்.

அப்பா திரும்பிப் பார்த்தார். பாதி திறந்த கதவுக்கு அப்பால், எழுந்து தயாராக நின்றுகொண்டிருந்த அடுத்த நோயாளி நேராக இவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர்."

நான்தான் எல்லாவற்றையும் சொல்லியாயிற்றே. மேஜைமேல் பொடி டப்பா உட்கார்ந்திருக்கிறதே. இருந்தும் ஒன்றும் இல்லையாம். எனக்கு வந்த கோபத்தில் அவரைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அந்த உடம்பில் இனி யாரும் கைவைக்கக் கூடாது என்பதால் நின்றேன்.

டாக்டர் எழுந்தார். தானே போய்க் கதவைச் சாத்தினார். அந்தக் கதவு முழுதாகச் சாத்தியதை அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். கூடத்து இரைச்சல் அறுந்தது. அறைக்குள் அந்தச் சத்தம் மட்டும் தெளிவாக, வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.

அப்பா கொஞ்ச நேரம் அதைத் தானே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்.

"பொடி மட்டும் இல்லம்மா. உனக்கும் தெரியாது. ரெண்டு நாளா தலை பிளக்குது. அதுக்கு ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டிருக்கேன்."

அம்மாவின் கை அவர் நெற்றிக்குப் போனது.

எங்கே வாங்கினீர்கள், என்ன மருந்து என்று டாக்டர் கேட்டார். பேரெல்லாம் தெரியாதாம். அப்பா சட்டைப் பையில் கைவிட்டு, மடித்த காகிதப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். அதை டாக்டர் முன்னால், மேஜைமேல் வைத்தார்.

பொட்டலம் மேஜையில் படவில்லை. மேஜை ஓரத்துக்கு ஒரு சாண் இப்பால், வெறும் காற்றில் அதை வைத்துவிட்டுக் கையை எடுத்தார். அது தரையில் விழுந்து பிரிந்தது. வெள்ளை மாத்திரைகள் நாலாபக்கமும் உருண்டன.

அப்பா தன் வெறும் கையைப் பார்த்தார். பிறகு மேஜையைப் பார்த்தார். அது ஏன் அங்கே இருக்கிறது என்று யாராவது சொல்லமாட்டார்களா என்பதுபோல என்னைப் பார்த்தார்.